முதல் கட்டத்தில் இபுகியின் பெயர்

ரெய்வா 8 (2026), பிப்ரவரி 5, வியாழக்கிழமை.

இன்றைய தவறு: தத்தெடுப்புப் படிவத்தின் முதல் கட்டத்தில் மிஹாரு இபுகியின் பெயரை எழுதிவிட்டாள். வாடகை ஒப்பந்தமோ எரிவாயு இணைப்போ, எந்தப் படிவமானாலும் முதலில் இபுகி, அப்புறம் தான் என்று எழுதிப் பழகிய கை. இந்தப் படிவத்தில் முதல் கட்டம் பிள்ளைக்கு, இரண்டாவது கட்டம் தத்தெடுப்பவருக்கு. இபுகியோ அவளைவிட நாற்பத்தோரு நாள் மூத்தவள். நகர அலுவலகத்தில் இருந்தவர் இரண்டு பிறந்த தேதிகளின் மீதும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இளையவங்க மூத்தவங்களைத் தத்தெடுக்க முடியாதுங்களே" என்று தணிந்த குரலில் சொல்லி, படிவத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

வாரத்தில் இரண்டு மாலை, அடுத்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தொழிலுக்கான தேர்வு வகுப்பில் போய் உட்காருகிறவள் செய்த தவறு இது.

மாலை ஐந்து இருபது. டிராம் நிறுத்தத்துக்கு எதிரே, காசு போட்டுத் துணி துவைக்கும் கடை. இபுகியின் மூன்று பைஜாமாக்களும் துண்டுகளும் டிரையருக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. இன்னும் இருபத்தெட்டு நிமிடம் என்று எண் காட்டியது. கடையில் வேறு யாரும் இல்லை. வெளியே சாலையின் நடுவில் பதித்த குழாய் தண்ணீர் பீய்ச்சிப் பனியைக் கரைத்துக்கொண்டிருந்தது. இபுகி சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரி இங்கிருந்து டிராமில் பத்து நிமிடம். ஆனால் காய்ச்சல் பரவுகிறது என்று ஜனவரியிலிருந்து குடும்பத்தாரை மட்டுமே மேலே விடுகிறார்கள். தத்து பதிவாகிக் குடும்பம் ஆகாத மிஹாருவுக்குத் தரைத்தளம் வரைதான் அனுமதி. துவைத்த துணிப் பையை அங்கே மேசையில் வைத்துவிட்டு, அழுக்குப் பையை வாங்கிக்கொண்டு திரும்புவாள். ஆறு மணிக்கு நோயாளிகளுக்குச் சாப்பாடு வந்துவிடும். அதற்கு முன்னால் ஐந்தாம் மாடிப் பொது அறையில் உட்கார்ந்து இபுகி போனில் பேசலாம்.

போன் ஒரு தடவை அடிப்பதற்குள் மிஹாரு எடுத்துவிட்டாள்.

"ஹலோ... ஆங், கேக்குது, கேக்குது. நீ பேசு... அது டிரையர் சத்தம். துவைக்கற கடையிலதான் இருக்கேன்... என்னது, மகளேவா? யாரு மகளே? இரு, இரு. இன்னும் ஆகலை... ஆகலைன்னா ஆகலை. ஃபாரத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க..."

"...கத்தாத. பொது ரூம்ல இருக்க... என் தப்புதான். பேரைக் கட்டம் மாத்தி எழுதிட்டேன்... ஆமா. உன்னைப் பிள்ளையாக்கிட்டேன். நான் அம்மா... சிரி. நல்லா சிரி. தையல் இன்னும் போடலையே, இப்பவே சிரிச்சுக்கோ..."

"...நீயும்தானே கையெழுத்து போட்ட? டாக்ஸியில, முழங்கால் மேல வெச்சு. என்னன்னு ஒரு வரி படிச்சுப் பாத்தியா?... ஆமா, மஞ்சச் சீட்டு ஒட்டி 'இங்கே'ன்னு எழுதினது நான்தான். ஆமா, ஆமா. சீட்டைப் பாத்த, போட்ட. டிராம் ஓட்டறவளாச்சே, பச்சை விளக்கு எரிஞ்சாப் போதும், கிளம்பிடுவ..."

அந்தப் பக்கத்துச் சிரிப்பு அடங்கும் வரை மிஹாரு காத்திருந்தாள். அது இருமலில் போய் முடிந்தது. நான்கு நாளாக இந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் அவள் வேடிக்கையாக ஏதாவது ஒன்றைத் தேடித் தேடி வைத்துக்கொண்டு போனை எடுத்தாள். இன்றைக்குத் தேட வேண்டியிருக்கவில்லை.

"...புதுசா ரெண்டு ஃபாரம் வாங்கிட்டு வந்திருக்கேன்... ஒண்ணு தப்பானா இன்னொண்ணு. என்னை எனக்குத் தெரியாதா?... சாட்சிக் கையெழுத்தா? திரும்ப ஒகுனோ வீட்டுலதான். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் பக்கத்து வீட்டுலயே இருக்காங்க, ஒரே நடையில முடிஞ்சுடும்... அந்தம்மா போன தடவை என்ன சொன்னாங்க தெரியுமா? 'வாடகையிலயும் பாதி குடுத்துட்டு, அம்மான்னு அடங்கியும் நடக்கணுமா? பாவம்டி நீ'ன்னாங்க... நிஜமாத்தான். அவர் மீசைக்குள்ள சிரிச்சுட்டு முத்திரையைக் குத்தினார்..."

"...உன் கையெழுத்துக்குத்தான் வழி யோசிச்சேன். கேளு. நாளைக்குத் துணிப் பையில, நீலப் பைஜாமா மடிப்புக்குள்ள ஃபாரத்தை வெச்சு அனுப்பறேன். நீ கையெழுத்து போட்டு அழுக்குத் துணியோட திருப்பி அனுப்பிடு... ஆமா, கடத்தல்தான். வேற என்ன பண்றது? மேல விட மாட்டேங்கறாங்களே..."

"...அட்டையா? காட்டினேனே. நேத்தும் காட்டினேன், முந்தாநேத்தும் காட்டினேன். மாவட்டம் குடுத்தது, ஒருத்தருக்கொருத்தர் துணைன்னு நம்ம ரெண்டு பேர் பேரும் போட்டிருக்குன்னு சொன்னேன். கீழ மேசையில இருக்கற பொண்ணு மரியாதையா வாங்கிக்கிட்டா. முன்னாடி பாத்தா, பின்னாடி பாத்தா. உள்ள போய் யாரையோ கேட்டா. வந்து இடுப்பு வரைக்கும் குனிஞ்சு மன்னிப்பு கேட்டா... அவ்வளவுதான். குடும்பப் பதிவேட்டுல இருக்கறவங்க மட்டும்தானாம்... அவளைத் திட்டாத. சின்னப் பொண்ணு, அவளுக்கே முகம் செத்துப் போச்சு..."

"...தெரியும், தெரியும். திங்கக்கிழமை மூணு மணிக்கு டாக்டர் கூப்பிட்டு விளக்கிச் சொல்றார். செவ்வாய் காலையில ஆபரேஷன். நாளைக்குப் பதிஞ்சாத்தான் திங்கக்கிழமை காலையில சான்று வாங்கிட்டு ஓடி வர முடியும். நாள் கணக்கெல்லாம் நோட்டுல எழுதித்தான் வெச்சிருக்கேன்..."

டிரையரில் எண் இருபத்திரண்டு ஆனது. கண்ணாடிக்கு உள்ளே நீலப் பைஜாமாவின் ஒரு கை மேலே வந்து, விரிந்து, விழுந்தது. மிஹாரு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்ட கேள்வி ஒன்று காதில் விழாமல் போனது.

"...என்ன கேட்ட?... ஒண்ணுமில்ல. சளியெல்லாம் இல்ல... சாப்பிட்டேனே. கடையில வாங்கின சோத்து உருண்டை. ரெண்டு... வீட்டுல நல்லாத்தான் இருக்கேன். உன் அலாரம்தான் நாலரைக்கு அடிக்குது... நிறுத்தத் தெரியும். நிறுத்தலை. எழுந்து உட்காந்து, மொத டிராம் போற சத்தம் கேட்டுட்டுத் திரும்பப் படுத்துக்கறேன்... இல்ல, அழற குரல் இல்ல இது. எப்பவும் பேசற குரல்தான்..."

"...இபுகி. ஒண்ணு சொல்லணும்... உட்காந்திருக்கியா?... ஒண்ணும் பயப்படாத. நேத்து வகுப்புல முரோய் வாத்தியார் தத்து பத்தி நடத்தினார்... ஆமா, அந்தத் தொண்டையைச் செருமற ஆள்தான். போற போக்குல ஒரு வரி சொன்னார். சிவில் சட்டம், எழுநூத்தி முப்பத்தாறு. தத்து மூலமா ஒருதடவை அம்மா பிள்ளைன்னு ஆயிட்டா, அந்த ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்க முடியாதாம்... தத்தை ரத்து பண்ணிக்கலாம், அது முடியும். ரத்து பண்ணினாலும் கல்யாணம் முடியாது... எப்பவும். ரெண்டு பேரும் இருக்கற வரைக்கும்."

"...இப்பவும்தான் முடியாது. எனக்குத் தெரியாதா? இப்ப எந்த ரெண்டு பொம்பளைங்களும் பண்ணிக்க முடியாது. நான் அதைச் சொல்லலை. கல்யாண வழக்கு மேல் கோர்ட்டுக்குப் போயிருக்கில்ல? நாளைக்கோ அஞ்சு வருஷம் கழிச்சோ, சரி பண்ணிக்கோங்கன்னு சட்டம் வந்துடுச்சுன்னு வெச்சுக்கோ. அன்னைக்கு எல்லாரும் போய் வரிசையில நிப்பாங்க. நாம நிக்க முடியாது. பதிவேட்டைப் பாத்துட்டு, 'நீங்க அம்மா, இவங்க மகள், வீட்டுக்குப் போங்க'ன்னுடுவாங்க..."

"...விதிவிலக்கு போடுவாங்களா இருக்கும். இருக்கலாம்னுதான் நானும் சொல்றேன். நம்மளை மாதிரி வேற வழியில்லாமப் பதிஞ்சவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க, அவங்களுக்காக ஒரு வரி சேர்த்தாலும் சேர்ப்பாங்க. மறந்தாலும் மறப்பாங்க. எனக்கு எப்படித் தெரியும்? நான் இன்னும் தேர்வே எழுதலை. என் பேச்சை நம்பி..."

பேச்சு நடுவில் அறுந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி மிகச் சின்னது. மிஹாரு அதற்குத்தான் நேற்று மாலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள்.

"...எப்பன்னா? சொன்னேனே, நேத்து வகுப்புலன்னு... ஏழு மணி இருக்கும்... ஆமா... ஆமா, இன்னைக்கு மத்தியானம்தான் நகர அலுவலகம் போனேன். சாப்பாட்டு நேரத்துல, கம்பெனியிலேர்ந்து... ஆமா."

"...தெரிஞ்சுதான் போனேன்."

வெளியே டிராம் ஒன்று வந்து நின்று, யாரையும் இறக்காமல் கிளம்பிப் போனது.

"ஹலோ?... இபுகி?... இருக்கியா?... ஹலோ?"

பொது அறையின் தொலைக்காட்சியில் யாரோ நாளைய பனியின் அளவைச் சென்டிமீட்டரில் சொல்வது மட்டும் கேட்டது. ஆகவே இபுகி போனை வைத்துவிடவில்லை. மிஹாரு நேராக உட்கார்ந்துகொண்டாள். பெட்டி அச்சடிக்கும் கம்பெனியில் தப்பாக அச்சான தாளை மேற்பார்வையாளர் முன் வைக்கும்போது இப்படித்தான் உட்காருவாள்.

"...கோவப்படு. இல்ல, படு, பரவாயில்ல. உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம உனக்கும் சேத்து கதவைச் சாத்தப் பாத்தேன். பேரு கட்டம் மாறினதாலதான் சாத்தாம நின்னுது. 'இன்றைய தவறு'ன்னு நோட்டுல அந்தக் கட்டத்தைத்தான் எழுதினேன். பெரிசை எழுதலை..."

"...ஏன்னா? ஏன்னா அந்த ரூம்ல நான் இருக்கணும். வேற ஒண்ணும் தோணலை எனக்கு. டாக்டர் படத்தைக் காட்டி, இங்க வெட்டறோம், இதை எடுக்கறோம்னு சொல்றப்போ நீ தலையைத் தலையை ஆட்டுவ. ஒண்ணும் கேக்க மாட்ட. பல் டாக்டர்கிட்டயே தப்பான பல்லைக் காட்டிட்டு வந்தவ நீ... ஆமா, சொல்லத்தான் செய்வேன். நான் நோட்டை எடுத்துட்டு வந்து கேக்கணும். அப்புறம் செவ்வாய்க்கிழமை. திறந்து பாத்தாத்தான் எந்த மாதிரிக் கட்டின்னு தெரியும்னாங்களே. பாதியில ஒருத்தர் வெளியில வந்து 'குடும்பத்தார் யாரு?'ன்னு கேட்டா, அந்த நாற்காலியிலேர்ந்து யாராவது எழுந்திருக்கணுமில்ல? யாரும் எழுந்திருக்கலைன்னா... அதையேதான் நெனச்சுட்டிருந்தேன். நேத்து ராத்திரி பூரா."

எண் பதினைந்து. மிஹாரு பையைத் துழாவினாள். பையில் தண்ணீர் இல்லை. 

"...ம்... ம்... பதிஞ்சுடுன்றியா?... கல்யாணம் வர்றப்ப வரட்டும், இப்ப உள்ள போய் வெளியில வரணும்ன்றே... இல்ல, நீ சொல்றது தப்பில்ல. அதையே நெனச்சுத்தானே நானும் போனேன்... பயமா இருக்கா?... எனக்கும்தான்."

"...சரி. அப்ப நாளைக்குப் பதிஞ்சுடறேன். நீ ஒண்ணு பண்ணு, ஆஸ்பத்திரியில ஒரு ஃபாரம் குடுத்தாங்களே, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு... அதேதான். அதுல உறவுன்ற கட்டத்துல 'மகள்'னு எழுதிடு. முன்கூட்டியே எழுதினா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க... என்னது, இன்னும் முடியலையா? அது மொத நாளே குடுத்ததாச்சே... குடுத்துத் திரும்பி வந்துதா? ஏன்?... என்ன எழுதியிருந்த? 'கூட வசிக்கறவ'ன்னுதானே பேசிக்கிட்டோம்?... அதை எழுதலையா?... பின்ன?... சத்தமாச் சொல்லு, டிரையர் சுத்துது..."

மிஹாரு எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கடையின் அந்தக் கோடி வரை நடந்து, சோப்புத் தூள் விற்கும் பெட்டியின் முன்னால் நின்றாள்.

"...'மனைவி'ன்னு எழுதினியா?... பேனாவிலயா?... பேனாவில... சரி. அவங்க பென்சில்ல சுழிச்சு, பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் குடுத்தாங்க... நீ பென்சிலை மட்டும் அழிச்சுட்டு அப்படியே குடுத்த... திரும்ப வந்துது... திரும்பக் குடுத்த... எத்தனை தடவை?... மூணா? இபுகி, உனக்கு அறிவிருக்கா? கத்தியை வெச்சுக்கிட்டு நிக்கறவங்ககிட்டப் போய் வம்பு பண்ணுவாங்களா?..."

"...அழலை. சிரிக்கறேன்... சரி, ரெண்டும்தான்னு வெச்சுக்கோ... ஏழு வருஷம் ஆச்சு. என்கிட்ட ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்ல நீ. ஆஸ்பத்திரி நர்ஸுக்கு மொதல்ல சொல்லியிருக்க... வெக்கமா இருந்துச்சா? என்கிட்ட வெக்கம், அவங்ககிட்ட இல்லையா?... ம். பேனா கையில இருந்தா வந்துடும்ன்றே. என்னை மாதிரியே ஆயிட்ட..."

சோப்புப் பெட்டியின் தகரத்தில் முகம் கோணலாகத் தெரிந்தது. மிஹாரு கையுறையின் பின்புறத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். 

"...ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. நாளைக்கு நான் பதிஞ்சுட்டு வந்தா, அந்த வார்த்தையை அடிச்சுட்டு 'மகள்'னு எழுதுவியா?... எழுதுவ. என்னைப் பாக்கணும்ன்றதுக்காக எழுதுவ. எனக்குத் தெரியும்... அதான். நீ எழுதிடுவ, அதான் எனக்குப் பிடிக்கலை... இல்ல, கேளு. மூணு தடவை திருப்பிக் குடுத்தவளை நாலாவது தடவை அடிக்க வெக்கறதா? எழுத வேண்டாம்... வேண்டாம்னு சொல்றேன். நானும் பதியலை."

"...வேற வழி இருக்கு. உனக்குப் பிடிக்காது... கோதாரோ அண்ணன்... இரு. இரு, கத்தாத. நர்ஸ் வந்துடுவாங்க. கூடப்பிறந்த அண்ணன் அவர் ஒருத்தர்தான். பதிவேட்டுல இருக்கார். அவர் வந்து நின்னா யாரும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாக்க மாட்டாங்க... நாகோயாவுலேர்ந்து நாலு மணி நேரம். ஞாயித்துக்கிழமை கிளம்பினாப் போதும்..."

"...மறக்கலை. நான் எதையாவது மறந்திருக்கேனா? உங்கப்பா சாவுல என்னை உன் டிராம் கம்பெனிக்காரங்க வரிசையில உட்கார வெச்சார். மூணாவது வரிசை, ஓரத்துல. தூபம் போட வந்த ஒவ்வொருத்தருக்கும் குனிஞ்சார். நான் போனப்போ குனியலை. என் பின்னாடி வந்த பால்காரருக்குக் குனிஞ்சார்... இபுகி, அங்க நின்னது நான். எனக்குத் தெரியும்..."

"...நம்பரா? சாவுக்கு வந்தவங்களுக்கெல்லாம் நன்றி அட்டை அனுப்பினாரே, அதுல இருக்கு... கம்பெனி முகவரிக்கு வந்துது, ஆமா, உன் சூப்பர்வைசர் பேரோட சேத்து. வெச்சிருக்கேன். நான் எதைத் தூக்கிப் போட்டிருக்கேன்?..."

"...திட்டட்டும். போனை வெச்சா திரும்பப் பண்றேன். திரும்ப வெச்சா திரும்ப. நீ மூணு தடவை குடுத்தயில்ல?... என்ன பேசுவேனா? தெரியலை. எழுதி வெச்சுட்டுத்தான் பேசுவேன். இல்லன்னா உளறிடுவேன்... ம். ம். கேவலமா இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்..."

எண் ஒன்பது. மிஹாரு திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, வகுப்பு நோட்டை முழங்கால் மேல் வைத்துத் திறந்தாள். தேதி போட்ட பக்கம். "இன்றைய தவறு" என்று தொடங்கிய பத்திக்குக் கீழே பாதிப் பக்கம் காலியாக இருந்தது.

"...இபுகி, அவருக்கு உன்னைப் பத்தி என்ன தெரியும்? ஆறு வருஷமாப் பேசினதே இல்ல. அதனால நீ இப்ப சொல்லணும். பாதியில வெளியில வந்து கேட்டா, அவர் என்ன பதில் சொல்லணும்னு. நான் எழுதிக்கறேன், அவருக்குப் படிச்சுக் காட்டறேன்... விளையாடாத. சொல்லு... சாதாரணக் கட்டின்னா அந்தப் பக்கச் சினைப்பை மட்டும். சரி. கெட்டதுன்னா?... ரெண்டு பக்கமும். கர்ப்பப்பையும்... நிச்சயமா?... தெரியும், பேசியிருக்கோம். ஆனாலும் ஒரு தடவை கேட்டுக்கறேன். 'உனக்கு எப்படித் தெரியும்'னு அவர் என்னைக் கேப்பாரில்ல... சரி. எழுதிட்டேன்."

"...படிக்கறேன், கேளு. 'கெட்டதா இருந்தா எல்லாத்தையும் எடுத்துடுங்க. தயங்க வேண்டாம். ஏப்ரல்ல திரும்ப டிராம் ஓட்டணும்.'... கடைசி வரியும் வேணுமா? டாக்டருக்கு எதுக்கு அது?... சரி, சரி, அடிக்கலை. இருக்கட்டும்."

"...நானா? கீழ. மருந்து வாங்கற இடத்துல பச்சை நாற்காலி வரிசை இருக்கில்ல, அங்க உட்காந்திருப்பேன். அங்க நம்பர் சீட்டு மட்டும்தான் கேப்பாங்க, உறவு கேக்க மாட்டாங்க... காலையில எட்டுலேர்ந்து... அஞ்சு மாடிதானே நடுவுல... இல்ல, தனியாத்தான். ஒகுனோ அம்மா வர்றேன்னாங்க, வேண்டாம்னுட்டேன். யாராவது பக்கத்துல இருந்தா நான் தைரியமா இருக்கற மாதிரி நடிக்கணும்... ம்... அது உனக்கு மட்டும் சொல்றது."

 டிரையர் வேகம் குறைந்து, துணிகள் ஒவ்வொன்றாகத் தொப் தொப்பென்று விழும் சத்தம் வந்தது. மிஹாரு போனை அதன் பக்கம் நீட்டினாள்.

"...கேட்டுதா? உன் பைஜாமா... ஆமா, காஞ்சுடுச்சு. சூடா இருக்கும். நாளைக்கு உன் கைக்கு வர்றதுக்குள்ள ஆறிடும்..."

"...சாப்பாட்டு வண்டி வந்துடுச்சா? என்ன இன்னைக்கு?... வேக வெச்ச கானாங்கெளுத்தி. முள்ளைப் பாத்துச் சாப்பிடு. சோத்தை மிச்சம் வெக்காத, செவ்வாய்க்கு முன்ன உடம்புல ஏதாவது ஏறணும்... சரி... சரி, வை... இல்ல, நீ வை. நான் வெக்க மாட்டேன்..."

"...இரு, இரு! இபுகி, அந்த ஃபாரம். நாலாவது தடவையும் குடு... ஆமா, அப்படியே. அண்ணன் நம்பரைக் கீழ தனி வரியில எழுதிடு, அவசரத்துக்கு அவரைக் கூப்பிட்டுக்கட்டும். மேல எழுதினதை மாத்தாத. பென்சில்ல சுழிச்சா சுழிக்கட்டும்... என்ன? என்ன சொன்ன?... திரும்பச் சொல்லு, வண்டிச் சத்தத்துல... ஹலோ? இபுகி? ஹலோ..."

இணைப்பு போயிருந்தது. மணி ஐந்து ஐம்பத்தொன்று.

திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று மிஹாரு யோசித்தாள். சாப்பிடும் நேரத்தில் போனை எடுத்தால் இபுகியைத்தான் கடிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டாள்.

டிரையரைத் திறந்து துணிகளை மடித்தாள். நீலப் பைஜாமாவை இரண்டு தடவை மடித்தாள். முதல் தடவை காலர் உள்ளே போய்விட்டது. அதன் மடிப்புக்குள் ஒன்றும் வைக்கவில்லை. புதுப் படிவங்கள் இரண்டையும், அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்த பழையதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் செருகினாள். பழையதில், பிள்ளை என்ற கட்டத்தில், முழங்காலில் வைத்துப் போட்ட இபுகியின் கையெழுத்து ஓடும் டாக்ஸியோடு சேர்ந்து ஆடியிருந்தது. கிழிக்க மனம் வரவில்லை.

துணிப் பைக்கு ஒரு சீட்டுக் கட்ட வேண்டும். நோயாளி பெயர், அறை எண், கொண்டுவருபவர், உறவு. கடைசிக் கட்டத்தின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வழக்கம்போல "உடன் வசிப்பவர்" என்றே எழுதினாள். இந்தச் சீட்டையும் திருப்பி அனுப்பினால் இபுகிக்கு மாற்றிக்கொள்ளத் துணி இல்லை. பைஜாமா போய்ச் சேர வேண்டும்.

வீட்டுக்கு நடந்தே வந்தாள். ஜன்னலில் வெளிச்சம் இல்லாததைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு நடப்பது இந்த நான்கு நாளில் பழகவில்லை. தபால்கள் வைக்கும் டப்பாவில், மூன்றாவது உறைக்கு அடியில், கறுப்புக் கரை போட்ட நன்றி அட்டை இருந்தது. எண் தெளிவாகவே அச்சாகியிருந்தது. அதை நோட்டில் எழுதி, ஒவ்வொரு இலக்கமாக மூன்று தடவை சரிபார்த்தாள்.

இபுகி கடைசியாகச் சொன்னது என்னவென்று தெரியவில்லை. தெரியாததை எழுத வேண்டாம் என்று அந்த இடத்தை ஒரு வரி காலியாக விட்டாள்.

நாளை, வெள்ளி: காலை ஏழேகாலுக்கு, கோதாரோ வேலைக்குக் கிளம்பும் முன், நாகோயாவுக்குப் போன் செய்ய வேண்டும். முதலில் பெயரைச் சொல்ல வேண்டும். அடுத்து, அவர் கேட்பதற்கு முன்பாகவே, உறவைச் சொல்ல வேண்டும்.